சிறார் எழுத்தாளர் ஸ்கூலுக்கு வர்றாங்க, பசங்களை எழுத வைக்கணும், ஐடியா சொல்லுங்க

தமிழ்_டீச்சர்:
வணக்கம். கிராமத்துல ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில ஆறு, ஏழு, எட்டுக்கு தமிழ் எடுக்குறேன். அடுத்த மாசம் சிறார் கதை எழுதுற ஒருத்தங்க வர சம்மதிச்சிருக்காங்க. எங்க பசங்க வாயால கதை சொன்னா நிறுத்தவே மாட்டாங்க, ஆனா பேப்பரை கையில குடுத்தா உடனே முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு தலைப்பு போட்டு அடிக்கோடு போட ஆரம்பிச்சிடுறாங்க. கதைன்னா ஒரு ஊர்ல ஒரு ராஜா, கடைசியில நீதி, அவ்வளவுதான். வர்றவங்க நல்லா பேசி, பசங்க கைதட்டி, அதோட முடிஞ்சிடக் கூடாதுன்னு நினைக்கிறேன். அந்த நாளை எப்படி பிளான் பண்றது?

கதைசொல்லி:
டீச்சர், நானும் சிறார் கதை எழுதுறவ, கூப்பிடுற ஸ்கூலுக்கெல்லாம் போறேன். முதல்ல ஒண்ணு கேட்டுக்கிறேன், மேடை, வரவேற்புரை, பொன்னாடை இதெல்லாம் வேண்டாம், பாதி நேரம் அதுலயே போயிடும். ஸ்கூல் முழுக்க மைதானத்துல உக்கார வச்சு மைக்ல பேசுனா யாரும் எழுத மாட்டாங்க, ஒரு கிளாஸ் பசங்க, ரெண்டு பீரியட் சேர்த்து குடுங்க, தரையில வட்டமா உக்காந்துக்கலாம்.

நான் என் கையெழுத்துப் பிரதியை கொண்டு போவேன், அடிச்சு திருத்தி ஓரத்துல எல்லாம் கிறுக்கினது. புத்தகம்னா அச்சுல இருக்கிற மாதிரியே முதல்லயே நேரா வந்துடும்னு பசங்க நினைக்கிறாங்க, அந்த அடித்தல் திருத்தலை பாத்ததும்தான் அவங்களுக்கு தைரியம் வருது. தலைப்பு குடுக்கவே மாட்டேன். நேத்து சாயங்காலம் உன் வீட்ல என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேப்பேன். ஒரு ஏழாங்கிளாஸ் பையன் எனக்கு எதுவும் தெரியாதுன்னே உக்காந்திருந்தான், பேச்சு குடுத்தா டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ஊரே இருட்டாயி அவங்க பாட்டி டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு கோழியெல்லாம் புடிச்சு கூடையில கவுத்ததை அப்படி சொல்றான். இதையே எழுதுப்பான்னேன். "பாட்டி பேசுறதை அப்படியே எழுதலாமா மிஸ்?"னு கேட்டான். தாராளமா எழுதுன்னதும் ரெண்டு பக்கம் போயிடுச்சு, பாட்டி கோழியைத் திட்டுறது உட்பட.

அதுல ஒற்றுப்பிழை நிறைய இருந்துச்சு. அன்னிக்கு சிவப்பு பேனாவை தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க டீச்சர், திருத்தத்துக்கு அடுத்த வாரம் இருக்கு.

நூலகப்_பூனை:
மேல மேடம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். அவங்க வர்றதுக்கு முன்னாடியே அவங்க புத்தகம் ஒண்ணாவது பசங்க கையில இருக்கணும், இல்லன்னா யாரோ கெஸ்ட் வந்தாங்கன்னுதான் இருக்கும். பொன்னாடை காசுக்கே நாலஞ்சு சின்ன புத்தகம் வாங்கிடலாம். பள்ளிக் கல்வித்துறையோட வாசிப்பு இயக்கத்துல வந்த நுழை, நட, ஓடு, பற வரிசை சின்னக் கதைப் புத்தகங்கள் உங்க ஸ்கூல்லயே இருக்கணும், பீரோவை திறந்து வெளியில வைங்க. அப்புறம் வர்றவங்களுக்கு பஸ் செலவும் சன்மானமும் கண்டிப்பா குடுங்க, எஸ்.எம்.சி.ல, அதான் பள்ளி மேலாண்மைக் குழுவுல, பேசிப் பாருங்க, எழுத்தாளர்னா சும்மா வருவாங்கன்னு நினைக்கிறது எனக்குப் பிடிக்கல.

நம்ம ஊர்ல இதுக்கு நல்ல மரபு இருக்கு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பேங்க் வேலையில இருந்துக்கிட்டேதான் குழந்தைகளுக்கு அவ்வளவு எழுதினார், 1950லயே குழந்தை எழுத்தாளர் சங்கம் ஆரம்பிச்சு எத்தனையோ பேரை எழுத வச்சார்.

தமிழ்_டீச்சர்:
ரொம்ப நன்றி மேடம், நன்றி சார். பேச்சுவழக்குல எழுத விடுறதுதான் எனக்கு தயக்கமா இருந்துச்சு, பரீட்சையிலயும் அப்படியே எழுதிடுவாங்களோன்னு. தனி நோட்டு போட்டுடலாமா?

கதைசொல்லி:
போடுங்க, மார்க் இல்லாத நோட்டு. பசங்களுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும், வீட்ல ஒரு மாதிரி கிளாஸ்ல ஒரு மாதிரி பேசுறவங்கதானே. எழுதுனதுல பிடிச்சதை அவங்களையே எடுக்கச் சொல்லி பள்ளிக் கல்வித்துறை நடத்துற தேன்சிட்டு இதழுக்கு அனுப்புங்க, ஆறுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும் அதுதான், நாலாவது, அஞ்சாவது படிக்கிற பசங்களுக்கு ஊஞ்சல் இதழ். ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்குற பசங்களை மட்டும் பொறுக்கி உக்கார வைக்காதீங்க, கடைசி பெஞ்ச்ல இருக்கிறவங்ககிட்டதான் கதை நிறைய இருக்கு.