ஷேக்கும் கேப்ஸ்யூலும் வாங்கலாமா? தைராய்டு மாத்திரை போட்டுக்கினு இருக்கேன்

கொருக்குப்பேட்டை பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 34 வயசு, உயரம் 157 செ.மீ., வெயிட்டு 74 கிலோ. ரெண்டாவது டெலிவரில ஏறின வெயிட்டு எறங்கவே இல்ல. தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை போட்றேன், ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரையும் குடுத்துகீறாங்க. எங்க தெருவுல ஒரு அக்கா ஏதோ சென்டருக்கு போயி நல்லா எளச்சிட்டாங்க, காலைல நாஷ்டாவுக்கு பதிலா ஒரு ஷேக், ராத்திரி ஒரு ஷேக், கூடவே கொழுப்ப கரைக்கிற கேப்ஸ்யூலு, மொத்தமா மாசம் ஆறாயிரத்துக்கு மேல ஆவுது. வூட்டுக்காரரு ஹார்பர்ல கன்டெய்னர் லாரி ஓட்றாரு, அந்த துட்டுதான் எங்க வூட்டு வாடகையே. தைராய்டு மாத்திரையோட சேத்தே குடிக்கலாம் ஒன்னும் ஆவாதுன்றாங்க அந்த அக்கா. கேப்ஸ்யூல் டப்பால குடம்புளி சாறு, கிரீன் டீ சாறுன்னு போட்டுகீது. மாமியாரு சோறே தொடக்கூடாதுன்றாங்க, நாத்தனாரு காலைல வெந்நீர்ல தேன் எலுமிச்சை குடி கொழுப்பு கரையும்ன்றாங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின்னு ஒரு விட்டமின் மாத்திரையும் நானே வாங்கி போட்டுக்கினு இருக்கேன். இதுல எத வெச்சிக்கிறது எத வுட்றதுன்னே தெரில, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை மருந்துக்கடை

தங்கச்சி, காசு கட்டிடலையே? கட்டலேன்னா கொஞ்சம் நில்லும்மா. நான் பார்மசிஸ்ட், தைராய்டு மாத்திரை, ஷேக், கேப்ஸ்யூல் மூணையும் சேத்து வாங்குறவங்கள டெய்லி பாக்குறேன்.

மொதல்ல தைராய்டு மாத்திரை. அது வெறும் வயித்துல, வெறும் தண்ணில போடணும், அப்பறம் அரை மணில இருந்து ஒரு மணி நேரம் டீ காபி கூட வேணாம். இந்த ஷேக் பவுடர்ல பெரும்பாலும் சோயா இருக்கும், கால்சியமும் இரும்பும் சேத்திருப்பாங்க, நீங்க அத பால்ல வேற கலக்குவீங்க. இதெல்லாம் மாத்திரைய ஒடம்புக்குள்ள சரியா சேர விடாது. மாத்திரை போட்டுக்கிட்டே இருப்பீங்க, தைராய்டு கன்ட்ரோல் ஆகாது, ஒடம்பு அசதியா இருக்கும், வெயிட்டும் எறங்காது. டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரைக்கும் இதே கதைதான், தைராய்டு மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் கேப் வேணும். இப்ப ரெண்டையும் காலைலயே ஒன்னா போட்டுக்கிறீங்களான்னு பாருங்க, நம்ம பக்கம் பாதி பேரு அப்படித்தான் போட்றாங்க. இரும்ப மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறம் மாத்துங்க, டீயோட மட்டும் வேணாம், டீ அத உறிஞ்ச விடாது.

அடுத்து கேப்ஸ்யூலு. குடம்புளில இருக்குற ஹைட்ராக்சிசிட்ரிக் ஆசிட்ட 1998ல அமெரிக்காவுல 135 பேர வெச்சு 12 வாரம் டெஸ்ட் பண்ணாங்க. நெஜ மருந்து சாப்டவங்களுக்கும், மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்டவங்களுக்கும் எடை கொறஞ்சதுல வித்தியாசமே காட்ட முடியல. சரி வேலைதான் செய்யல, கெடுதல் இல்லையேன்னு விட்டுடவும் முடியாது, குடம்புளி கேப்ஸ்யூல்லயும் கெட்டியா பிழிஞ்ச கிரீன் டீ சாறுலயும் ஈரல் கெட்டுப்போன கேஸ் நெறைய பதிவாகி இருக்கு. டம்ளர்ல குடிக்கிற கிரீன் டீ வேற, இது வேற. இதவிட எனக்கு பெரிய பயம் லேபிள்ல எழுதாத சரக்குதான். சிபுட்ராமின்னு ஒரு பசியடக்கி மருந்து, ஹார்ட் அட்டாக்கும் பக்கவாதமும் கூடுதுன்னு 2010ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் நம்ம நாட்லயும் தடை. அத மூலிகைன்னு பேர் போட்ட ஸ்லிம்மிங் மாத்திரைல கலந்து விக்கிறத பல நாட்டுல திரும்பத் திரும்ப புடிச்சிருக்காங்க. டப்பாவ திருப்பி பாருங்க, உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குடுக்குற லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்கணும், செஞ்ச கம்பெனி அட்ரஸ், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் இருக்கணும். அது இருந்துட்டா மட்டும் வேலை செய்யும்னு அர்த்தம் இல்ல, ஆனா அதுகூட இல்லாத டப்பாவ கையாலயும் தொடாதீங்க.

காசிமேடு அக்கா

கண்ணு, மாமியாரு சோத்த நிறுத்த சொன்னாங்கன்னு நிறுத்திடாத. சோறும் சப்பாத்தியும் மாவுதாம்மா, அளவுதான் கணக்கு. தட்டு பூரா சோத்த கொட்டி ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல் வெக்கிறோம் பாரு, அங்கதான் தப்பாவுது. ஒரு கப்பு சோறு, ரெண்டு கரண்டி காய், ஒரு துண்டு ரெண்டு துண்டு மீனு, இப்டி வெச்சி துன்னு பாரு, சாயங்காலம் வரைக்கும் பசி தாங்கும்.

எண்ணெய பாரு மொதல்ல. வூட்ல நாலு பேரு, மாசம் அஞ்சு லிட்டர் ஆவுதுன்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு கிட்ட வருது, அதுலயே முன்னூத்தி சொச்சம் கலோரி போவுது. சங்கரா வாங்கினா பசங்க வறுத்துக் குடுன்னுதான் குந்துங்க, தோசக்கல்லுல எண்ணெய ஊத்தி மசாலா தடவின துண்ட போட்டா அந்த மசாலா அப்டியே எண்ணெய குடிச்சிக்கினு வரும். பசங்களுக்கு வறு, உனக்கு கொழம்புல இருக்குற துண்ட எடுத்துக்க. நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி இதெல்லாம் வஞ்சிர வெலைக்கு எவ்ளோ கம்மி, சத்து ஒரு துளி கொறையாது. காலைல நேரமே மார்க்கெட்டுக்கு வந்தீன்னா இன்னும் கம்மியா கெடைக்கும்.

அப்பால டீ. நாள்ல நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரைன்னா 40 கிராமுக்கு கிட்ட வந்துடும். நாட்டு சக்கரைன்னாலும் தேனுன்னாலும் கலோரி கிட்டத்தட்ட அதேதான். உங்க நாத்தனாரு சொல்ற தேன் தண்ணில ஒரு பெரிய ஸ்பூன் தேன் போட்டா 60 கலோரி சேருதே தவிர ஒரு கொழுப்பும் கரையாது. வெறும் எலுமிச்ச தண்ணி புடிச்சா குடி, அதுவும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சி.

பெரம்பூர் லோகோ

எல்லாரும் ஷேக்க திட்றீங்க, நான் குடிச்சு 9 கிலோ கொறச்சேன், கண்ணால பாத்த ரிசல்ட்ட எப்டி இல்லன்னு சொல்றது? எனக்கு ஒரு சைட் எஃபெக்ட்டும் வரல. அந்த பொண்ண தேவையில்லாம பயமுறுத்தாதீங்க.

வியாசர்பாடி மாஸ்டர்

தம்பி, நீ கொறச்சத யாரும் இல்லன்னு சொல்லல. ஷேக்குக்கு முன்னாடி காலைல என்ன சாப்ட்டுட்டு இருந்த? நம்ம ஏரியால நாஷ்டான்னா நாலு பூரி வடகறி, இல்ல செட் தோசை வடகறி, எப்படி பாத்தாலும் 600 கலோரிக்கு கொறையாது. ஷேக்கு பால்ல கலந்தாலும் 200, 250தான். ஒரு நாளைக்கு 400 கொறஞ்சா மாசத்துக்கு 12,000, ஒரு கிலோ கொழுப்புக்கு சுமாரா 7,700 கலோரின்னு வெச்சா மாசம் ஒன்றரை கிலோ அதுலயே போயிடும். ரெண்டு வேளைன்னா இன்னும் வேகம். கொறச்சது பூரிய விட்டதால, பவுடரால இல்ல. அதே எடத்துல மூணு இட்லி, சாம்பார், ஒரு அவிச்ச முட்டைன்னு வெச்சா 350க்குள்ள முடியும், அத சாவுற வரைக்கும் சாப்பிடலாம், ஷேக்க எத்தன வருஷம் குடிப்ப? நிறுத்திட்டு பழையபடி பூரிக்கு போனா வெயிட்டும் பழையபடி வரும்.

தங்கச்சிக்கு புரோட்டீன் கணக்கு சொல்றேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், உங்களுக்கு சுமாரா 60 கிராம். ஒரு முட்டைல 6, நூறு கிராம் மீன்ல 20க்கு கிட்ட, சமைக்காத கடலை பருப்பு நூறு கிராம்ல 20க்கு மேல. ரெண்டு முட்டை, மத்தியானம் மீனு, சாயங்காலம் பஜ்ஜிக்கு பதிலா ஒரு கிண்ணம் கொண்டக்கடலை சுண்டல், ராத்திரி பருப்பு, கொஞ்சம் தயிரு, 60 வந்துடும், பவுடருக்கு எடமே இல்ல. எங்கிட்ட குத்துச்சண்டைக்கு வர்ற பசங்களே அம்மா நகைய வெச்சி வெயிட் ஏத்துற மாஸ் கெயினர் பவுடர் டப்பா வாங்கிட்டு வரான், பின்னாடி படிச்சி பாத்தா பாதிக்கு மேல மாவுச்சத்து. எனக்கு வயிறு எரியுது அத பாக்கும்போது. வே புரோட்டீன் பாலுல இருந்து எடுக்குறதுதான், விஷம் இல்ல, வாயால சாப்ட்டு சேத்துக்க முடியாதவங்களுக்கு டயட்டீஷியன் சொன்னா எடுக்கலாம். அவ்ளோதான் அதோட வேலை.

ராயபுரத்துல அண்ணா பூங்கா உங்களுக்கு பக்கம், அரை மணி நேரம் மூச்சு வாங்குற மாதிரி வேகமா நடங்க. வாரத்துல ரெண்டு நாள் நாற்காலில உக்காந்து எழுந்திரிக்கிறது, செவுத்துல கைய ஊனி தண்டால், இந்த ரெண்டும் போதும் ஆரம்பத்துக்கு. வாரத்துக்கு அரை கிலோ எறங்கினா நல்ல வேகம். பட்டினி கெடந்து சட்டுனு எறக்குனா பித்தப்பைல கல்லு வரவும் வழி இருக்கு.

கொருக்குப்பேட்டை பொண்ணு

அண்ணா, டப்பாவ போட்டோ எடுத்துனு வந்து பாத்தேன், 14 நம்பரும் இல்ல அட்ரஸும் இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன். ரெண்டு மாத்திரையும் நான் காலைல ஒன்னாதான் முழுங்கினு இருந்தேன், யாரும் இத சொல்லவே இல்ல. அந்த அக்கா ஏற்கெனவே மூணு மாசமா அந்த கேப்ஸ்யூல் சாப்ட்டுனு கீறாங்க, அவங்களுக்கு இன்னா சொல்றது? என் பயோட்டின நிறுத்தணுமா?

தண்டையார்பேட்டை மருந்துக்கடை

அந்த அக்காவ மொதல்ல கேப்ஸ்யூல நிறுத்த சொல்லுங்க. கண்ணு மஞ்சளா தெரியுது, யூரின் டீ டிகாஷன் கலர்ல போகுது, வலது பக்க விலாவுக்கு கீழ வலி, காரணமில்லாம குமட்டல், இதுல ஒன்னு இருந்தாலும் அன்னிக்கே டாக்டர பாக்கணும், டப்பாவையும் கைல எடுத்துட்டு போகணும். படபடப்பு, தூக்கமின்மை, பிபி ஏறுறது இருந்தாலும் அப்படித்தான். ஒன்னும் இல்லேன்னாலும் ஈரல் டெஸ்ட் ஒரு தடவ எடுத்துடட்டும்.

பயோட்டின் உங்க முடிக்கு வேலை செய்யுதோ இல்லையோ, அதிக டோஸ் இருந்தா தைராய்டு ரிசல்ட்ட தப்பா காட்டும், தைராய்டு கூடிப்போச்சுன்னு ரிப்போர்ட் வந்து டாக்டர் மாத்திரைய கொறச்சிடுவாரு. டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க, லேப்லயும் சொல்லுங்க. முடி கொட்றதுக்கு உங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்குறதும் தைராய்டும் காரணமா இருக்கலாம், அது ரெண்டையும் சரி பண்ணாம பயோட்டின் போட்டு என்ன ஆகப்போகுது. தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வேற வேற நேரத்துல போட ஆரம்பிச்சு ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு டி.எஸ்.எச்.ன்ற தைராய்டு ரத்த டெஸ்ட் பாருங்க, அதுக்கு முன்னாடி பாத்தா சரியா தெரியாது. அப்பவே ஹீமோகுளோபினும் சேத்து பாத்துடுங்க, விட்டமின் டி, பி12 எல்லாம் டாக்டர் பாத்து கொறையுதுன்னு சொன்னா மட்டும் வாங்கினா போதும்.