‘வாம்’ எந்த எழுத்தில் முடிகிறது?

தாளக்காரன்:
நேற்று உலக இசை இழையில் நெடுஞ்சேரல் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை. அவர் எழுதியது இது: “தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் எல்லாச் சொல்லும் உயிரில்தான் முடியும். இருப்பதோ ஐந்து உயிர். எந்த வரியை எந்த வரியோடு சேர்த்தாலும் எதுகை தானாக விழும். அந்த மொழியில் ராப் கட்டத் திறமையே வேண்டாம்.”

எல்லாச் சொல்லுமா? கோசாவில் ‘என்னுடைய’ என்பதற்கு ‘வாம்’. ‘நானும்’ என்பதற்கு ‘நாம்’. ‘என்னிடம்’ என்பதற்கு ‘கும்’. மூன்றும் மகர மெய்யில் முடிகின்றன. ராப் என்பதே ‘நான், என் தெரு, என் ஆட்கள்’ என்று மார்தட்டுகிற கலை. அதில் அதிகம் புழங்குகிற சொல்லே உங்கள் விதியை உடைக்கிறது.

கேப் டவுனை ஒட்டிய குகுலேத்து, லங்கா, நியங்கா, கயலிட்ஷா பகுதிப் பிள்ளைகள் தங்கள் ராப் பாட்டுக்கு வைத்த பெயர் ஸ்பாசா. வீட்டோடு சேர்த்து நடத்துகிற பெட்டிக்கடைக்கு அங்கே ஸ்பாசா என்று பெயர். கையில் இருப்பதை வைத்துக் கட்டிய கலை என்பது பெயரிலேயே இருக்கிறது. அதைத் திறமையில்லாத வேலை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நெடுஞ்சேரல்:
தாளக்காரரே, மூன்று விதிவிலக்கைக் காட்டி ஒரு மொழியின் அமைப்பை மாற்ற முடியாது. கோசாவின் உடன்பிறப்பு மொழி ஜூலு. அதில் பி.டபிள்யூ. விலகாசி 1935-இல் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுப்பில் ஆங்கிலப் பாணியில் வரியிறுதி ஓசையைப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் உயிரில் முடிவதால் அது எடுபடவில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். 1945-இல் வந்த அடுத்த தொகுப்பில் அவரே அதைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். நான் சொன்னது புதிதல்ல. மொழி தெரிந்த ஒரு பெரும்புலவரின் அனுபவம்.

பூங்கோதை:
ஒரு சின்னத் திருத்தம். வரியின் கடைசியில் வருவது எதுகை அல்ல, இயைபு. எதுகை இரண்டாம் எழுத்தில் வரும். முதலில் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா?

தாளக்காரன்:
பெயர் எதுவானாலும் சரி. ‘வாம்’ உயிரில் முடிகிறதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

விலகாசியை இழுத்தது நல்லதாகப் போயிற்று. எல்லா வரியும் தானாகப் பொருந்தும் என்றால் அந்தப் பெரும்புலவர் ஏன் திணறினார்? கடைசி உயிர் மட்டும் ஒத்தால் கேட்பவன் காதில் அது ஏறவே ஏறாது. கோசாவில் சொற்றொடரின் கடைசிக்கு முந்தைய அசைதான் நீளும். அந்த நீண்ட அசையும் அதற்குப் பின் வருகிற மெய்யும் உயிரும் சேர்ந்து ஒத்தால்தான் ஓசை உட்காரும். அதில் நாக்குச் சொடுக்கொலி வந்துவிட்டால் வேலை இன்னும் கடினம். நாம் பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டுகிறோமே, அது அவர்களுக்கு ஒரு மெய்யெழுத்து. மாட்டை விரட்டக் கன்னத்தின் ஓரத்தில் எழுப்புகிற ஒலி இன்னொன்று. பாட்டிலின் தக்கையைப் பிடுங்கினதுபோல் அண்ணத்தில் வெடிப்பது மூன்றாவது. மூச்சு விடாமல் பாடுகிற வேகத்தில் இந்த மூன்றையும் தாளத்தில் சரியாக இறக்குகிறவனைப் பார்த்துத் திறமையில்லை என்கிறீர்கள்.

கரிசல்காட்டான்:
இரண்டு பேரும் வேர் எங்கே என்று பார்க்காமல் நுனியைப் பிடித்து இழுக்கிறீர்கள். இந்த ஸ்பாசா ஹிப் ஹாப்பே இல்லை. அரசவையில் தலைவன் முன்னால் நின்று அந்த நேரத்திலேயே கட்டிச் சொல்கிற இம்போங்கி இருக்கிறாரே, அவர் மரபு இது. எஸ்.இ.கே. ம்காயி 1875 முதல் 1945 வரை வாழ்ந்தவர், இனத்தின் புலவர் என்றே அழைக்கப்பட்டவர். 1938-இல் ஹீல்ட்டவுன் பள்ளி மேடையில் அவர் வீசி உயர்த்திய ஈட்டி திரைச்சீலைக் கம்பியில் மோதிய கதையை, அன்று மாணவராக உட்கார்ந்திருந்த மண்டேலா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1925-இல் இங்கிலாந்து இளவரசர் வந்தபோது வாழ்த்துப்பா சொல்லப் போன அதே ம்காயி, நீங்கள் விவிலியத்தோடு பிராந்திப் பீப்பாயையும் பீரங்கியையும் அனுப்பினீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்தத் துணிச்சலுக்கு அமெரிக்காவிலிருந்து பெயர் வாங்கி வரணுமா?

நெடுஞ்சேரல்:
கரிசல் சொன்னதைக் கவனியுங்கள். இம்போங்கி வரியிறுதியில் ஓசையைப் பொருத்துவதே இல்லை. ஒரு கருத்தை இரண்டு விதமாகத் திருப்பிச் சொல்வது, முன்வரியின் சொல்லை அடுத்த வரியில் கொக்கிபோட்டு இழுப்பது, வரி முடிகிற இடத்தில் குரலைத் தாழ்த்துவது, இவைதான் அவர்களின் உத்திகள். நூற்றாண்டுக் கணக்காக அந்த மொழியின் வாய்மொழிப் புலவர்கள் இறுதி ஓசையைத் தொடவில்லை. ஏன்? அது அந்த மொழியில் மலிவானது. நான் சொன்னதும் அதுதானே?

தாளக்காரன்:
இல்லை. நீங்கள் ‘எல்லாச் சொல்லும்’ என்று எழுதினீர்கள். ‘வாம்’ எங்கே போயிற்று?

நான் வேலை நிமித்தம் கேப் டவுனில் மூன்று வருஷம் இருந்தவன். ரயில் நிலையத்தின் மேல்தளத்திலிருந்து குகுலேத்துவுக்குப் போகிற வேனில் ஏறினால் காசைப் பின்னாலிருந்து கைமாற்றி முன்னால் அனுப்புவார்கள். ஸ்பீக்கர் இருக்கைக்கு அடியில். ஒரு சாயங்காலம் ஸ்பாசா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நானும் முணுமுணுத்தேன். பக்கத்தில் மடியில் முட்டைக்கோஸோடு உட்கார்ந்திருந்த அம்மா என் தோளைத் தட்டி, ‘வாமு’ இல்லை, ‘வாம்’ என்று திருத்தினார். தன் வாயை விரலால் காட்டினார். உதடு இரண்டும் ஒட்டி மூடின, மூடினபடியே இருந்தன. அதற்குப் பிறகு ஓர் உயிரும் வெளியே வரவில்லை. அந்த மூடின உதட்டை நான் கண்ணால் பார்த்தவன் ஐயா.

நெடுஞ்சேரல்:
வேனில் பார்த்த உதட்டை வைத்து மொழியியல் பேசக் கூடாது தம்பி. ஜூலுவில் இதே சொல் ‘வாமி’. கோசாவில் இகரம் தேய்ந்து ‘வாம்’ ஆயிற்று. அடிப்படையில் அது உயிரில் முடிந்த சொல்தான்.

தாளக்காரன்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

தேய்ந்து போனது தேய்ந்து போனதுதான். பாடுகிறவன் வாயில் இல்லாத உயிரோடு எதைப் பொருத்துவான்? இன்னொன்றும் சொல்கிறேன். குகுலேத்துவின் ட்ரீமன்ஸ்காப் என்ற ராப் குழு 2009-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் ‘இக்காபுகில் இன்யோங்கோ’. பித்தப்பை வெடித்துவிட்டது என்று பொருள். முழு வடிவம் ‘இக்காபுகிலே’. கடைசி ஏகாரத்தை வெட்டி அந்த இடத்தில் ஒரு மேற்குறியைப் (’) போட்டு அட்டையிலேயே அச்சடித்தார்கள். உயிரை வெட்டுவது அவர்களுக்குத் தெரிந்தே செய்கிற வேலை.

நெடுஞ்சேரல்:
அடுத்த சொல் ‘இ’யில் தொடங்குகிறது. ஏகாரம் அதோடு புணர்ந்து மறைகிறது. நம் மொழியில் இல்லாத புணர்ச்சியா?

கரிசல்காட்டான்:
ட்ரீமன்ஸ்காப் என்பதே அன்றைய வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸ் சொல். மூவர் கூட்டு என்று அர்த்தம். 1976-இல் ஆப்பிரிக்கான்ஸைப் பள்ளிகளில் திணித்ததை எதிர்த்து ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவில் பிள்ளைகள் செத்தார்கள், அந்த ஆகஸ்டில் லங்காவும் குகுலேத்துவும் எரிந்தன. அதே ஊர்ப் பையன்கள் அந்த மொழியில் குழுவுக்குப் பெயர் வைக்கலாமா? இதில் கோசாப் பெருமை வேறு.

பூங்கோதை:
கரிசல் ஐயா, கேப் டவுன் ஹிப் ஹாப்பே 1980-களில் நகரை ஒட்டிய கேப் ஃபிளாட்ஸ் பகுதியில் ஆப்பிரிக்கான்ஸும் ஆங்கிலமுமாகத் தொடங்கியதுதான். ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி என்ற ராப் குழுவினர் அந்த மொழியை ஆண்டவர்களிடமிருந்து பிடுங்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். திணித்தவனின் மொழியும் தெருப்பிள்ளையின் மொழியும் ஒன்றல்ல.

அப்புறம், இத்தனை பேச்சில் ஒரு பெண் பெயர்கூட வரவில்லை. 1920-களில் ஜோகன்னஸ்பர்க்கின் ‘உம்டெடெலி வா பந்து’ பத்திரிகையில் நொன்ட்சீஸி ம்க்வேத்தோ கோசாவில் கவிதை எழுதிக் குவித்தார். ஆண்கள் மட்டும் நின்ற இம்போங்கி இடத்தில் அச்சு வழியாக ஏறி நின்றவர். கேப் டவுனின் ராப் பாடகி கன்யி 2012-இல் தன் ஆல்பத்துக்கு ‘பெண்கள் வந்துவிட்டார்கள்’ என்ற பொருளில் ‘ஈன்டோம்பி ஸிஃபிகிலே’ என்று பெயர் வைத்தபோது எனக்கு ம்க்வேத்தோவின் ஞாபகம்தான் வந்தது. கன்யியின் பாட்டைப் பற்றிப் பேசலாமே.

தாளக்காரன்:
பேசலாம் அம்மா, ஆனால் ‘ஸிஃபிகிலே’ உயிரில் முடிகிறது என்று நெடுஞ்சேரல் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார். முதலில் ‘வாம்’ முடியட்டும்.

நெடுஞ்சேரல், ஒரு சாதாரண வாக்கியம் தருகிறேன். ‘அபன்ட்வானா பாம் அபன்சின்சி பயட்லாலா.’ என் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நாலு சொல்லிலும் அப, பா, அப, ப என்று பகரம் வந்து நிற்கிறது. பெயர்ச்சொல்லின் முன்னொட்டு வாக்கியம் முழுக்கத் தொற்றிக்கொள்கிற இலக்கணம் அது. மோனை அவர்களுக்குப் பிறவியிலேயே வருகிறது. அது மலிவு என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். பிடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டீர்கள். அந்த வாக்கியத்தின் இரண்டாவது சொல் என்ன? ‘பாம்’. எதில் முடிகிறது?

நெடுஞ்சேரல்:
மோனையும் இலவசம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி நான் என்ன சேர்க்க?

தாளக்காரன்:
போன மாதம் சொடுக்கொலி இழையில், ஜூலுவில் சொடுக்கே கிடையாது என்று எழுதிவிட்டு, நான் கேட்டதும் பதிவை அழித்தவர் நீங்கள். என்னிடம் நகல் இருக்கிறது. இந்தத் தடவை அழிக்க விடமாட்டேன்.

நெடுஞ்சேரல்:
அழித்தது எழுத்துப்பிழைக்காக. அதை இங்கே கொண்டுவந்தது அநாகரிகம்.

கரிசல்காட்டான்:
ஆப்பிரிக்கான்ஸ் கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

பூங்கோதை:
நான் சொன்னேன்.

கரிசல்காட்டான்:
அது பதில் இல்லை.

தாளக்காரன்:
‘வாம்’, ‘பாம்’, ‘நாம்’, ‘கும்’. நாலு ஆயிற்று. நெடுஞ்சேரல், உங்கள் முதல் பதிவில் ‘எல்லாச் சொல்லும்’ என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் நான் இந்த இழையை விட்டுப் போய்விடுகிறேன். எடுக்கும்வரை தினமும் காலையில் இதையே கேட்பேன்.

நெடுஞ்சேரல்:
எடுக்கமாட்டேன். ‘வாமி’ என்று ஜூலுக்காரர் இன்றும் சொல்கிறார்.

தாளக்காரன்:
கேட்டது கோசாக்காரரை.