பசை காய்ந்த பிறகு கண்ணில் பட்ட தவறுகள்

எஃகுத் தந்திக் கிதாரின் மேற்பலகைக்கு உட்புறத்தில் பெருக்கல் குறி வடிவில் இரண்டு பட்டைகளும், அவற்றுக்குக் கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்த இரண்டு சிறு பட்டைகளும் ஒட்டப்படும் என்பது கிதார் செய்வோர் எழுதும் இந்தப் பக்கத்தில் பலருக்கும் தெரியும். சென்ற மாதம் மூன்று மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு அவற்றையெல்லாம் ஒட்டி, கிளாம்புகளைக் கழற்றி, உளியால் ஓரங்களைச் செதுக்கி, விரலால் தட்டி ஒலியைக் கேட்டு மகிழ்ந்திருந்த வேளையில்தான், சிறு பட்டைகள் நேர் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டேன். என்னிடமிருந்த வரைபடம் மேற்பலகையை வெளியிலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டது. நானோ அதைப் பலகையின் உட்புறத்தில் வைத்து அப்படியே படியெடுத்திருக்கிறேன். கண்ணாடியில் தெரியும் முகத்தைப் போல எல்லாம் இடவலம் மாறிவிட்டன. வலக்கைக்காரருக்கு என்று தொடங்கிய கிதார், நான் அறியாமலே இடக்கைக்காரருக்கு உரியதாகிவிட்டது.

விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் ஒட்டியிருந்தால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்தெடுத்திருக்கலாம். நான் பயன்படுத்தியது சாதாரண மரப்பசை. அதுவும் சூட்டுக்கு ஓரளவு இளகும் என்றாலும், 3 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஸ்புரூஸ் பலகையில் அந்தச் சோதனையைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. மேற்பலகைதான் ஒலிக்கு முதன்மையானது என்று காட்டுவதற்காக ஸ்பெயினின் கிதார்க் கலைஞர் ஆன்டோனியோ டி டோரஸ் 1862இல் விலாவையும் (பக்கப்பலகைகளையும்) முதுகையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதார் உருவாக்கினார் அல்லவா? விலாவில் பிழை செய்பவர்கள் அவர் பெயரைச் சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். நான் பிழை செய்த இடம் மேற்பலகை.

இதே வகைத் தவறை வீட்டிலும் ஒருமுறை செய்திருக்கிறேன். குளியலறைக் கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, புதிய தாழ்ப்பாளை மிக நேர்த்தியாகப் பொருத்தினேன். கதவை மீண்டும் நிறுத்தியபோது தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. கிடத்தி வைத்த பொருளில் உள் எது, வெளி எது என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களில் எவரேனும் இத்தகைய அனுபவத்தைச் சொன்னால், நான் மட்டும் இல்லை என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

*

நண்பரே, தாங்கள் தனியாக இல்லை. என் தவறு கண்ணாடியில் பிறந்தது அன்று, கணக்கில் பிறந்தது. அதனால் அது வெளியே தெரிய ஆறு வாரம் ஆயிற்று.

என்னுடைய முதல் கிதாரின் தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் கம்பிகளான ஃபிரெட்டுகளில் முதலாவது எங்கே வர வேண்டும் என்று அறிய அந்த நீளத்தை 17.817ஆல் வகுக்க வேண்டும், 36.48 கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி கிடைக்கும். கணக்கைச் சரியாகவே போட்டேன். ஆனால் விரல்பலகையில் குறிக்கும்போது ஒவ்வொரு இடைவெளியையும் அதற்கு முந்திய கோட்டிலிருந்து அளந்தேன். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் பருமன் அளவுக்கு, அதாவது சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு, அளவுகோல் நகர்ந்தது. தனித்தனியே பார்த்தால் எந்த இடைவெளியிலும் குறை தெரியாது. பன்னிரண்டாவது ஃபிரெட்டை அடைந்தபோது 325இல் விழ வேண்டிய கோடு 327இல் விழுந்திருந்தது. அதையும் அப்போது சரிபார்க்காமல் அறுத்து, ஃபிரெட் கம்பிகளை அடித்து, அரத்தால் ராவி மெருகும் ஏற்றினேன்.

தந்தி மாட்டி மீட்டியபோது, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒலித்தது. என் செவியில்தான் குறை என்று இரண்டு நாள் நம்பினேன். பிறகு, மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜை 4 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் போதும் என்ற குறுக்குவழி தோன்றியது. பன்னிரண்டாவது ஃபிரெட் அதனால் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் இடையிலுள்ள ஒவ்வொரு பிழையும் அந்தந்த இடைவெளிக்கு ஏற்ற ஒரே விகிதத்தில் இருந்திருந்தால் அல்லவா மற்றவையும் ஒத்துவரும்? என் கை ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் நகர்ந்திருந்தது. கடைசியில் விரல்பலகையையே பெயர்த்தெடுத்துப் புதிதாகச் செய்தேன். இப்போது எல்லாக் கோடுகளையும் நட் (விரல்பலகையின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பட்டை) இருக்கும் முனையிலிருந்தே அளக்கிறேன், அளவுகோலை நகர்த்துவதே இல்லை.

கேட்டால் சிரிப்பீர்கள்: அடுத்த ஆண்டே சுவரில் எட்டு கொக்கிகள் அடிக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றாக அளந்துகொண்டே போனேன். எட்டாவது கொக்கிக்கு உரிய இடத்தில் சுவர் முடிந்து ஜன்னல் தொடங்கிவிட்டது. பட்டறையில் கற்றது பட்டறையிலேயே தங்கிவிடுகிறது போலும்.

*

மேலே எழுதிய ஐயாவின் ஃபிரெட் கணக்கைப் படித்தபோது, அளவு சரியாக இருந்தும் கெட்டுப்போன என் கிதார் நினைவுக்கு வந்தது. தொடர்ந்து மழை பெய்த ஒரு வாரத்தில், விடுமுறை கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் மேற்பலகைக்குப் பட்டைகளை ஒட்டினேன். மரம் ஈரத்தை உறிஞ்சி, ரேகைக்குக் குறுக்குவாட்டில் விரிந்திருந்த நேரம் அது. விரிந்த நிலையிலேயே பட்டைகள் அதைப் பிடித்துக்கொண்டன. வறண்ட காலம் வந்ததும் பலகை சுருங்க முயன்றது. குறுக்கே ஓடும் பட்டைகள் நீளவாட்டில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை என்பதால் அவை இடம் கொடுக்கவில்லை. ஒரு காலை பிரிட்ஜுக்குக் கீழே தொடங்கி அடி விளிம்பு வரை நேர்கோடாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. யாரும் தொடவில்லை, கீழே விழவும் இல்லை. இரவில் ஏதோ நெரிந்தது போல ஓர் ஒலி கேட்டதாக மட்டும் வீட்டில் சொன்னார்கள்.

அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். ஈரப்பதமானியும் வாங்கி வைத்திருந்தேன். அது அலமாரியில் இருந்தது. விரிசலை உட்புறத்தில் சிறு மரத்துண்டுகள் வைத்து ஒட்டியாயிற்று. கிதார் இன்றும் ஒலிக்கிறது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் நிலையோடு இறுகிப்போன வாசற்கதவை இழைப்புளி கொண்டு தாராளமாக இழைத்துவிட்டிருக்கிறேன். கோடையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்து, தாழ்ப்பாள் துளையை எட்டாமல் நின்றது. அப்போதே மரம் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, நான்தான் அதைக் கதவைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

*

என்னுடையவை சிறியவை. விரல்பலகையின் விளிம்பில் ஒன்பதாவது ஃபிரெட்டுக்கு இட வேண்டிய முத்துச்சிப்பிப் புள்ளியைப் பத்தாவதற்கு இட்டுவிட்டேன். மாண்டலினில் பத்தாவதற்குத்தான் இடுவார்கள் என்று ஒரு நண்பர் தேற்றினார். கிதார் வாங்க வந்தவருக்கு அந்த விளக்கம் உதவவில்லை.

இன்னொரு கிதாரில் பிரிட்ஜ் ஒட்டும் இடத்தில் மெருகுப் பூச்சைச் சுரண்டி எடுக்க மறந்து, பூச்சின் மீதே பசை தடவிவிட்டேன். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். மூன்று வாரம் தாங்கிய பிரிட்ஜ், நள்ளிரவில் பெயர்ந்து சுவரில் மோதியது. பெரியவர்கள் பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் அன்று பதறவே இல்லை, மிக நிதானமாகத்தான் மறந்தேன்.

*

தொடங்கி வைத்தவன் மீண்டும் வருகிறேன். உங்கள் பதிவுகளை எல்லாம் இரண்டு முறை படித்தேன். வாசற்கதவை எழுதியவருக்கு என் தனி நன்றி. குளியலறைக் கதவு அவமானம் சற்றுத் தணிந்தது.

மேற்பலகையைப் பிரிக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். என் அக்காள் மகனுக்கு இடக்கைப் பழக்கம். அவனுக்காகவே திட்டமிட்டுச் செய்வதாக வீட்டில் அறிவித்தாயிற்று. பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில் பட்டை சாயும் திசை, நட்டில் பருமனான தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் வெட்டும் பள்ளங்கள், விரல்பலகை விளிம்பின் புள்ளிகள் என எல்லாவற்றையும் இனி மாற்றிச் செய்ய வேண்டும். மறக்காமல் இருக்கப் பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் "இடக்கை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்று விலாப்பலகைகளை எடுத்தேன். முதுகுப்புறச் சரிவை முன்கூட்டியே இரண்டிலும் அறுத்து வைத்திருந்தேன். 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, நீரில் ஊறவைத்து, சூடான குழாயின் மேல் பொறுமையாக அழுத்தி, இடுப்பு வளைவில் ஒரு கீறல்கூட விழாமல் இரண்டையும் வளைத்துவிட்டேன். இவ்வளவு சுத்தமாக நான் வளைத்ததே இல்லை. இன்று காலை அவற்றை அச்சில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இடப்பக்க விலாக்கள்.