புதுப்பிப்பு: குடும்பப் புகைப்படத் தொகுப்பும் காப்புப் பிரதிகளும்

அப்பாவின் ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்த படங்களும் எங்கள் கைபேசிப் படங்களும் இரண்டு வெளிவட்டுகளில் கலந்து கிடப்பதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் பிறகு நடந்ததை இங்கே பதிகிறேன்.

படங்களை ஒழுங்குபடுத்த உதவும் டிஜிகேம் என்ற மென்பொருளைப் பலர் பரிந்துரைத்திருந்தார்கள்; அதையே நிறுவினேன். ஒத்த படங்களை அது நன்றாகவே கண்டுபிடிக்கிறது என்றாலும், நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது: தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகிலுள்ள மவுண்ட் எட்ஜ்கம்ப் கோயிலில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு காவடிப் படங்களை அது நகல்களாகக் காட்டியது, ஆனால் ஒன்றில் பாட்டி கண்ணை மூடியிருக்கிறார், மற்றொன்றில் சிரிக்கிறார். ஸ்கேன் படங்களில்தான் வேலை அதிகம். 1974இல் எடுத்த படத்திலும் ஸ்கேன் செய்த நாளே பதிவாகியிருப்பதால் தேதியை நாமே திருத்த வேண்டும்; பெயர்களையும் குறிச்சொற்களையும் மென்பொருளின் தரவுத்தளத்தோடு நிறுத்தாமல் படக்கோப்பிலேயே எழுதும்படி அமைத்தால்தான், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் அவை கூடவே வரும்.

மின்வெட்டைப் பற்றி எச்சரித்தவர்களுக்கு நன்றி. என் காப்புவட்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பமைப்பு முறையில் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) இருந்தது. அந்த முறையில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு இல்லாததால், நகலெடுக்கும்போது மின்சாரம் போனால் கோப்பமைப்பு சிதைய வாய்ப்பு அதிகம். ஆகவே காப்புவட்டிலிருந்தவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு அதை அத்தகைய பதிவேடு உள்ள என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினேன். கணினிக்கு ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கியாயிற்று. மூன்றாவது பிரதி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீட்டில் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பனில் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கைபேசிப் படங்களை இணையச் சேமிப்பிலும் அப்படியே வைக்கும் மேக ஒத்திசைவை நான் ஒரு காப்புப் பிரதியாகக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனெனில் கைபேசியில் நீக்கிய படம் அங்கும் நீங்கிவிடும்.