மார்கழி சீசனுக்குக் கிளம்பும் முன்: புதுப் பாடகர்களை எங்கே கண்டுபிடித்தீர்கள்?

கோபியிலிருந்து:

டிசம்பர்ல மெட்ராஸ் கர்நாடக சங்கீத சீசனுக்குப் போறவங்க நம்ம பக்கம் நெறையப் பேர் இருக்கோமுங்க. கெடைக்கிற லீவு கொஞ்சம். ஈரோட்டுல ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலம் சென்ட்ரல்ல எறங்கி, ரூமுக்குப் போய்க் குளிச்சுட்டு ஓடணும். மைலாப்பூர், தி.நகர், ராயப்பேட்டைன்னு ஒரே நேரத்துல பத்து எடத்துல கச்சேரி நடக்குது. இதுல யாரைப் போய்க் கேக்கறது?

பெரிய வித்வான்கள் சாயங்காலம் பாடுவாங்க, டிக்கெட்டும் முன்னாடியே தீந்துரும். அவங்களை வருஷத்துல எப்பவாவது கோவையிலயே கேட்டுக்கலாம். அதனால நான் மொதல்ல எடம் ஒதுக்கறது பகல் கச்சேரிக்குத்தானுங்க. பல சபாக்கள்ல மத்தியானம் டிக்கெட்டே கெடையாது. பாடறது பூரா இளசுக. ஆனா அழைப்பிதழ்ல இருக்கற பேர்ல முக்காவாசி நாம கேள்விப்படாத பேரா இருக்கும். அதுல நல்ல குரலை முன்கூட்டியே எப்படிக் கண்டுபுடிக்கறது?

எனக்கு வாய்ச்ச வழி நவராத்திரி. நம்மூர்க் கோயில்கள்ல கொலு வெச்சு ஒம்பது நாளும் கச்சேரி வெப்பாங்க. பெரிய பாடகர்களைக் கூப்பிடற அளவுக்குக் கமிட்டிக்குக் கட்டுப்படியாகாது, அதனால வளர்ந்து வர்ற புள்ளைகளைத்தான் கூப்பிடுவாங்க. அதே புள்ளைகதான் ரண்டு மாசம் கழிச்சு மெட்ராஸ்ல மத்தியானம் பாடறது. சீசன்ல பாடப்போறதை எல்லாம் நல்லாப் பழகி வெச்சிருக்கற நேரம் அது.

அப்படித்தான் ஒரு அம்மன் கோயில் மண்டபத்துல ஒரு பொண்ணு பாடுச்சு. காம்போதி ராகத்தை விஸ்தாரமாப் பாடி, கீர்த்தனை எடுத்து, ஒரே வரியை விதவிதமாப் பாடற நெரவல்ல எறங்கிருச்சு. அந்த நேரம் பாத்து உள்ள தீபாராதனை. மணி, மேளம், சங்கு எல்லாம் ஒண்ணா மொழங்குது. மைக்கே எடுபடலை. அந்தப் பொண்ணு பாட்டை நிறுத்திருச்சு, ஆனா தாளத்தை விடலைங்க. கண்ணை மூடிட்டு, தொடையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. மிருதங்கக்காரத் தம்பியும் சத்தம் வராம விரல் நுனியில மட்டும் தட்டிக்கிட்டு இருந்தாப்ல. மணி ஓஞ்சது. அடுத்த தாளச் சுத்துல, வரி ஆரம்பிக்கற எடுப்புல சரியா வந்து, விட்ட வரியை மேல் ஸ்தாயியில புடிச்சா பாருங்க, வயலின்காரர் வில்லை எடுக்கறதுக்கு ஒரு நொடி பிந்திட்டார். ஆரத்தி தட்டோட வந்த குருக்களும் அங்கயே நின்னுட்டார்.

அந்தப் பேரை எழுதி வெச்சு, டிசம்பர்ல தேடிப் போய்க் கேட்டேனுங்க. சாவேரி ராகம் பாடுச்சு. மண்டபத்துல கேட்ட அதே நிதானம்.

இன்னொண்ணும் சொல்லணும். ரீல்ஸ் பாத்து மட்டும் யாரையும் முடிவு பண்ணாதீங்க. ஒரு நிமிஷத்துல வேகமா ஸ்வரம் பாடிக் காட்டறது பயிற்சி இருந்தா வந்துரும். முழுக் கச்சேரி பதிவு கெடைச்சா நடுவுல போய், மெயின் ராகத்தைக் கேளுங்க. எங்க நிறுத்தறாங்க, எங்க மூச்சு எடுக்கறாங்க, பக்கவாத்தியம் வாசிக்கறப்ப கவனிக்கறாங்களான்னு அங்கதான் தெரியும். பரிவாதினிங்கற யூடியூப் சேனல்ல இப்படி முழுக் கச்சேரியாவே போடறாங்க.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க.

கோவை, சாயிபாபா காலனியிலிருந்து:

அண்ணா சொன்ன நவராத்திரி வழி ரொம்பச் சரி. நான் கூடுதலா ஒண்ணு செய்வேன். பக்கவாத்தியக்காரங்களைக் கேப்பேன். பாடறவங்க எல்லாரையும் பக்கத்துல உக்காந்து பாக்கறது அவங்கதானே. என் பையன் மிருதங்கம் கத்துக்கற வாத்தியார்கிட்ட ஒருக்கா கேட்டேன், "இந்த வருஷம் யாரைங்க கேக்கலாம்?"னு. யோசிக்கவே இல்லை. ஒரு பையன் பேரைச் சொல்லி, "அவனுக்கு வாசிச்சா கை வலிக்காதுங்க" அப்படின்னார். காலப்பிரமாணம், அதான் பாட்டோட வேகம், ஓடாம, இழுக்காம ஒரே சீரா நிக்குமாம். மிருதங்கம் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்துக்கு எடம் தாராளமா விடுவானாம். போய்க் கேட்டேன். மெதுவான விளம்ப காலத்துல ஒரு கீர்த்தனை, கடைசி வரைக்கும் அசையவே இல்லை. பக்கத்துல இருந்த பெரியவர் தொடையில தாளம் போட்டுக்கிட்டே, யார் சிஷ்யன்னு என்னைக் கேட்டார்.

மெட்ராஸ் போக முடியாதவங்க மனசு விடவேண்டாம். கோவையிலயே பாரதிய வித்யா பவன் மாதிரி எடங்கள்ல இளம் கலைஞர்களுக்கு மேடை கெடைக்குது. முன் வரிசை காலியாவே கெடக்கும். போய் உக்காருங்க, பாடற புள்ளைக்கு அதுவே தெம்பு.

காரமடையிலிருந்து:

சீசன்னா சபா மட்டும்தானா? எனக்கு அதுல உடன்பாடு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையம் 2020-இல ஆரம்பிச்ச 'மார்கழியில் மக்களிசை' 2021-இல கோவைக்கும் வந்துச்சு. பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையில, கீழ காலேஜ் பசங்க கூட்டம். அந்த மாதிரி மேடைக்கு ஏத்த ஆளுகளைக் கண்டுபுடிக்கணும்னா, ஊர் நோம்பிக்கு, அதான் கோயில் திருவிழாவுக்குப் போங்க.

மாரியம்மன் கோயில்ல பூச்சாட்டி (நோம்பி ஆரம்பம்னு அறிவிச்சு) கம்பம் நட்டாங்கன்னா, தெனம் ராத்திரி கம்பத்தைச் சுத்தி ஆட்டம். எங்க பக்கம் துடும்புங்கற மேளம். வயித்துல கட்டின துடும்பை ரண்டு குச்சியில அடிக்கறப்ப நெஞ்சுக்குள்ள வந்து விழும். போன நோம்பியில ஒரு பதினாறு வயசுப் பையன் அடி மாத்தின விதத்தைப் பாத்துட்டு, ஆடிட்டிருந்த பெரியவங்களே காலை மாத்திக்கிட்டாங்க. அவன் அப்பா, தாத்தா எல்லாம் அடிச்ச கை. அழைப்பிதழ்ல 'குழுவினர்'னு மட்டும் போடறாங்க, இவங்க பேரைத் தனித்தனியாப் போடணும்னு நான் எல்லாக் கமிட்டியிலயும் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

வள்ளி கதையைப் பாடி ஆடற வள்ளி ஒயில் கும்மியோட ஆசான் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல பத்மஸ்ரீ கெடைச்சுது. ஆம்பளைக மட்டும் ஆடிட்டிருந்த ஆட்டத்துல பொம்பளைப் புள்ளைகளைச் சேத்து ஆட வெச்சவர். இப்ப கும்மி அரங்கேற்றம்னா நூத்துக்கணக்குல பொண்ணுக ஒரே நெறச் சேலையில எறங்குது. ஆட்டத்தை எல்லாரும் பாக்கறாங்க. நீங்க பாடறவங்களைக் கவனிங்க. ராத்திரி முழுக்க வள்ளி கதையைத் தொண்டை கட்டாம பாடற புள்ளைக அதுல இருக்கு.

ஆனைகட்டி தாண்டினா அட்டப்பாடி. அங்க இருளர் பாட்டு பாடிட்டிருந்த நஞ்சியம்மாவுக்கு 2022-இல தேசிய விருது அறிவிச்சாங்க. அதுக்குப் பொறவுதான் நம்ம ஆளுக பலபேருக்கு அவங்க பேரே தெரிஞ்சுது. பக்கத்து மலையில இருந்துட்டே நாம கேக்கலையேன்னு எனக்கு வருத்தம் உண்டு.

ஈரோட்டிலிருந்து:

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சின்ன வயசுல ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டு, நாடகக் கம்பெனிக்கு அழைத்துப் போனார் என்று சொல்வார்கள். 1908-இல் பிறந்தவர். கேட்க ஒரு காது அந்தப் பெட்டியில் இருந்திருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

நாகஸ்வரத்தை யாரும் சொல்லலையே. நான் கண்டுபுடிச்சது கல்யாண மண்டபத்துலதான். முகூர்த்தம் முடிஞ்சு சனம் பூரா பந்திக்குப் போயாச்சு. நாற்காலி எல்லாம் காலி. அப்பத்தான் நாகஸ்வரக்காரத் தம்பி தோடி ராகம் எடுத்தார். வாயில வெச்சு ஊதற சீவாளியை ஒருக்கா எடுத்து ஒதட்டுல நனைச்சு, திருப்பி மாட்டிக்கிட்டு, கீழ இருந்து மெல்ல மேல ஏறினார். தவில்காரர் கையைக் கட்டிட்டுக் கண்ணை மூடி உக்காந்திருந்தார். கேட்டது நானும் ஒரு பாட்டியும்தான். நான் சாப்பிடப் போகவே இல்லை. முடிஞ்சதும் போய் விசாரிச்சேன். டிசம்பர்ல ஒரு சபாவுல காலையில மங்கள இசை வாசிக்கறாராம், அரை மணி நேரம். பாட்டுக் கச்சேரிக்கு வர்றவங்க இதுக்கெல்லாம் வர்றதில்லைங்கன்னார். நான் போறேன். அந்த நேரத்துக்கு மெட்ராஸ்ல இருக்கறவங்களும் வந்துருங்க, எந்த சபான்னு தனியாச் சொல்றேன்.

கோபியிலிருந்து:

பொள்ளாச்சி அண்ணா, எனக்குச் சொல்லுங்க, கண்டிப்பா வர்றேன். காலையில நாகஸ்வரம், மத்தியானம் அந்தக் காம்போதிப் பொண்ணு, இந்த வருஷமும் பட்டியல்ல இருக்கு. காரமடை நண்பரே, பாரியூர் குண்டம் (தீமிதி) வர்றப்ப நான் ஊர்ல இருந்தாகணும், அதுக்குள்ள திரும்பிருவேன். உங்க ஊர் நோம்பி சாட்டினதும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தத் துடும்புக்காரப் பையனை எங்க கோயில் கமிட்டிக்காரங்களையும் கூட்டிட்டு வந்து கேக்கணும். அழைப்பிதழ்ல அவன் பேரைப் போடறதுக்கு நான் பொறுப்புங்க.