யார் தந்த அம்பு? விசைப்பட அனுபவங்கள்

காரைக்குடி, பிளஸ் ஒன் டியூஷன் ஆசிரியர்:

இயக்க விதிகள் பாடம் வந்தாலே பிள்ளைகள் சூத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நான் பாடம் எடுக்கும் வீட்டு முகப்பில் ஒரு தேக்கு ஊஞ்சல் இருக்கிறது. ஒரு மாணவியை அதில் உட்கார வைத்து, மற்றவர்களைத் தனித்த பொருள் விசைப்படம் வரையச் சொன்னேன்; அதாவது, ஒரு பொருளை மட்டும் தனியாக வரைந்து, அதன் மேல் மற்றவை செலுத்தும் விசை ஒவ்வொன்றையும் ஓர் அம்பாகக் காட்டும் படம். பலகையும் அவளும் சேர்ந்து ஒரே பொருள், 80 கிலோ என்று வைத்துக்கொண்டோம். கீழே இழுக்கும் எடை 80 × 9.8 = 784 நியூட்டன். மேலே இழுக்கும் சங்கிலிகள் நான்கு, ஆளுக்கு 196. அவள் பலகையை அழுத்துவது இந்தப் படத்தில் வராது. அது பொருளுக்கு உள்ளேயே நடப்பது.

சரி, ஊஞ்சலை ஆட்டினால்? மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கும் நொடிக்குப் படம் கேட்டேன். பெரும்பாலானோர் ‘மையநோக்கு விசை’ (வளைந்து போகும் பொருளை வட்டத்தின் மையத்தை நோக்கி இழுக்கும் விசை) என்று தனியாக ஓர் அம்பு போட்டார்கள். “இதைக் கொடுத்தது யார்?” என்று கேட்டேன். தொட்டு இழுப்பது சங்கிலி, தொடாமல் இழுப்பது பூமி. காற்றை விட்டுவிட்டால் வேறு யாரும் இல்லை. “அப்பச் சங்கிலிதான் சார் கூட இழுக்கணும்” என்றான் ஒரு பையன். அதேதான்! சங்கிலி 2.5 மீட்டர், வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் மொத்த இழுவிசை 912 நியூட்டன். அதில் எடையைக் கழித்து மிஞ்சும் 128 நியூட்டனுக்குத்தான் மையநோக்கு விசை என்று பெயர். தந்தவர் பெயர் சொல்ல முடியாத அம்பைப் படத்தில் விடவே கூடாது என்பது என் பிடிவாதம்.

ஆத்தங்குடி, கல் பட்டறைக்காரர்:

என் மகள் சாய்தளக் கணக்கில் எடையையும் வரைந்து, அதைச் சரிவின் போக்கிலும் சரிவுக்குச் செங்குத்தாகவும் பிரித்த இரண்டு கூறுகளையும் கூடவே வரைவாள். ஒரே விசையை இரண்டு தடவை எண்ணினால் விடை எப்படி வரும்? கூறுகளைப் புள்ளிக்கோடாகப் போடச் சொன்னதும் தெளிந்துவிட்டது. அப்புறம் பட்டறையில் ஒரு நீளப் பலகையில், ஒரே மாதிரி இரண்டு மரத்தட்டை வைத்தோம். ஒன்றில் 2 பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட கல்), இன்னொன்றில் 6. பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கினால், இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில்தான் சறுக்கின. பாரம் கூடினால் சறுக்க வைக்கும் கூறும் கூடும், பிடித்து வைக்கும் உராய்வின் உச்ச அளவும் அதே விகிதத்தில் கூடும். படத்திலேயே நிறை அடிபட்டுப் போவதைப் பார்த்து அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி:

காரைக்குடி சார் கேட்ட “இதைக் கொடுத்தது யார்?” என்ற கேள்வியை எங்கள் வீட்டுக் கிணற்றிலும் கேட்டுப் பார்த்தேன். தண்ணீரோடு வாளி 10 கிலோ. சீராக இழுத்தால் கயிற்றில் 98 நியூட்டன். வெடுக்கென்று 1 மீ/வி² முடுக்கத்தில் இழுத்தால் 108. இற்ற கயிறு தொடக்கத்திலேயே அறுவது இதனால்தான். அடுத்து, வாளியை விட்டுவிட்டுக் கப்பிக்கு மட்டும் படம் வரைந்தேன். கயிறு அதை இரண்டு பக்கமும் கீழே இழுக்கிறது. ஆக, நேர் கீழாகச் சீராக இழுக்கும்போதே, 98 நியூட்டன் வாளிக்கு மேலே உள்ள உத்தரம் 196 நியூட்டன் தாங்க வேண்டியிருக்கிறது, கப்பியின் எடை தனி.