1,200 டொலருக்குள் மான் வேட்டைக்கு ஒரு போல்ட் றைபிள்: எதை வாங்கலாம்?

நிலா_சட்பரி (ஜூன்)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் சட்பரியில் தாதியாக வேலை செய்கிறேன். என்னுடன் வேலை செய்பவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் பாரி சவுண்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போவார்கள். போன ஆண்டு சமையலுக்கு உதவியாக நானும் போயிருந்தேன். இந்த முறை துவக்குடன் வா என்கிறார்கள். துவக்குப் பாதுகாப்பு வகுப்பையும் வேட்டைக் கல்வி வகுப்பையும் முடித்துவிட்டேன். உரிமம் போன கிழமை தபாலில் வந்து சேர்ந்தது.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். கடையில் .30-06 தோட்டா போடும் துவக்கு ஒன்றை எடுத்துத் தந்து தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சோங்கு, அதாவது தோளில் வைக்கும் பின்பகுதி, தோள்குழியில் நிற்காமல் புயத்துக்கு வழுக்கிப் போனது. மேலே பூட்டிய ஸ்கோப்புக்குள் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பார்த்தால் கறுப்பு வளையம்தான் தெரிந்தது. "போகப் போகப் பழகிவிடும்" என்றார் விற்றவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கையில் 1,200 டொலர் இருக்கிறது. துவக்கு, ஸ்கோப், தோட்டா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். சவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன், மொஸ்பேர்க் பேட்ரியட் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். மூன்றுமே 100 யார் தூரத்தில் சுட்டால் வெடிகள் எல்லாம் ஓர் அங்குலத்துக்குள் விழுமாம். இவ்வளவு மலிவான துவக்கு அப்படிச் சுடுமா? குறி பிசகி, மான் காயத்தோடு ஓடிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. போன ஆண்டு அப்படி ஒரு மானை நான்கு மணித்தியாலம் தேடினோம். காய்ந்த இலைகளின் மேல் பத்தடிக்கு ஒரு துளி இரத்தம். அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறார். 2009 இல் மாத்தளன் பக்கமிருந்து உயிரோடு வெளியே வந்தவர். வீட்டுக்குத் துவக்கு வரப்போகிறது என்றதும் ஒன்றும் பேசாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டார். அவருக்கு என்ன சொல்வது?

கல்கரி_ரமணன்

தங்கச்சி, இன்னும் ஆறு மாதம் காசு சேர்த்து டிக்கா டி3எக்ஸ் வாங்குங்கள். பின்லாந்தில் சாக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலையில் செய்வது. போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளையை) இழுத்தால் எண்ணெயில் வழுக்குவதுபோல் வரும். நான் அல்பேட்டாவில் வெட்டவெளியில் சுடுகிறேன். 250 யார், சில வேளை 300 யார். அந்தத் தூரத்தில் துவக்கைப் பற்றி ஒரு சந்தேகமும் மனதில் இருக்கக்கூடாது. மலிவாக ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டில் அதை விற்று, மறுபடி நல்லதை வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் அதுதான் கூடிய செலவு.

முறிகண்டி

தங்கச்சி, முதலில் உங்கள் கவலைக்குப் பதில் சொல்கிறேன். காயப்பட்ட மானைத் தேடி நடந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ஒன்ராறியோக் காட்டில் பதினெட்டு ஆண்டுகளாக வேட்டைக்குப் போகிறேன். நான் காயப்படுத்தி இழந்த மான் ஒன்று உண்டு. அது துவக்கின் பிழை அல்ல.

இன்றைய மலிவுத் துவக்குகள் உண்மையாகவே நன்றாகச் சுடும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் குழலையும் போல்ட்டையும் தோட்டா அறைக்குப் பொருத்துவது கைதேர்ந்தவரின் வேலை. 1958 இல் நிக்கலஸ் புரூவர் வடிவமைத்த சவேஜ் 110 இல் குழலைத் திருகி ஒரு பெரிய சுரையால் (நட்) இறுக்கிவிடும் முறை வந்தது. போல்ட்டின் தலையும் சற்று அசைந்து தானாகப் பொருந்திக்கொள்ளும். வேலை மிச்சமானது, குறி கெடவில்லை. ஆக்சிஸ் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ருகர் அமெரிக்கனில் பிளாஸ்டிக் பிடிக்குள் இரண்டு உலோகக் கட்டைகளை வைத்து, இயந்திரப் பகுதி அவற்றின்மேல் அசையாமல் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். மிச்சம் பிடித்தது பிடியிலும் மேற்பூச்சிலும்தான், குழலில் அல்ல.

ஆனால் "ஓர் அங்குலம்" என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அது மூன்று வெடிகளை வைத்துச் சொல்வது. மூன்று சன்னங்கள் தற்செயலாகவும் ஒட்டி விழும். ஐந்து சுட்டுப் பாருங்கள். ஒன்றரை அங்குலம் வந்தால் அது நல்ல துவக்கு. மானின் நெஞ்சறை எட்டு அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரி சவுண்ட் காட்டில் பெரும்பாலும் நூறு யாருக்குள்தான் மானைக் காண்பீர்கள். ரமணன் தம்பி சொல்வது அவருடைய வெட்டவெளிக்குச் சரி, டிக்காவும் அருமையான துவக்குத்தான். உங்களுக்கு இந்த ஆண்டு வேண்டியது வேறு.

முதலில் அளவு. சோங்கின் பின்நுனியிலிருந்து, சுட விரலால் அழுத்தும் விசை வரை உள்ள நீளம் வழக்கமான துவக்குகளில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். ருகர் அமெரிக்கனின் சிறிய பதிப்பில் அது பன்னிரண்டரை. கடைக்கு நவம்பரில் போடும் தடித்த ஜக்கெட்டையும் அதன்மேல் அணியும் செம்மஞ்சள் அங்கியையும் கொண்டு போங்கள். ஜூன் மாதம் என்று யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டையும் போட்டுக்கொண்டு, துவக்கில் தோட்டா இல்லை என்பதை நீங்களே பார்த்து உறுதிசெய்து, சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். துவக்கைத் தோளுக்கு உயர்த்திக் கன்னத்தைப் பிடியில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப் முழுவதும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்தத் துவக்கு உங்களுடையது அல்ல, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காட்டில் மான் தலையை நிமிர்த்தி நிற்பது சில விநாடிகள்தான்.

அடுத்தது தோட்டா. ஏழு இறாத்தல் துவக்கில் .30-06 இன் உதை, அதாவது சுடும்போது தோளில் இடிக்கும் வேகம், ஏறக்குறைய இருபது அடி-இறாத்தல், .308 க்குப் பதினேழு, பதினெட்டு, 6.5 கிரீட்மோருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். இருபது தோட்டா சுட்ட பிறகு தோள் சொல்லும். உதைக்குப் பயந்தவர் விசையை அழுத்தும்போது கண்ணை மூடிவிடுவார், குழல் தாழ்ந்துவிடும். நான் இழந்த மான் அப்படிப் போனதுதான். அன்று என் கையில் இருந்தது எனக்கு அடங்காத பெரிய துவக்கு. நீங்கள் 6.5 கிரீட்மோர் எடுங்கள். பின்னால் மூஸ் (மானைவிட மிகப் பெரிய காட்டு விலங்கு) வேட்டைக்கும் அது போதுமா என்று கேட்பீர்கள். சுவீடன்காரர் 6.5×55 தோட்டாவால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். நல்ல 140 கிரெயின் எடையுள்ள சன்னமும் கிட்டிய தூரமும் இருந்தால் போதும்.

காசைப் பிரிக்கும் விதம்: துவக்குக்கு எழுநூறு, ஸ்கோப்புக்கும் அதைப் பூட்டும் வளையங்களுக்கும் முந்நூறு, மீதி முழுவதும் தோட்டாவுக்கு. துவக்கோடு சேர்த்து விற்கும் ஸ்கோப்பைவிடத் தனியாக வாங்கும், 2-7 அல்லது 3-9 மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரண ஸ்கோப் மேல். சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து வேட்டையாடலாம். அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் கண்ணாடியின் தரம் தெரியும்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படாமல் இருக்க. என் முதல் துவக்கில் ஸ்கோப்பைக் கடையிலேயே பூட்டித் தந்தார்கள். சுடுதளத்தில் ஐந்து வெடியும் ஐந்து அங்குலத்துக்குச் சிதறின. தோட்டாவை மாற்றினேன். மூச்சை மாற்றினேன். மூன்று பெட்டி, அறுபது தோட்டா தீர்ந்தது. துவக்கே பழுது என்று முடிவுகட்டி உறைக்குள் வைக்கும்போது, ஸ்கோப்பைத் தாங்கும் பின்பக்க அடித்தட்டின் ஆணி பெருவிரல் நகத்தில் தட்டுப்பட்டது. நகத்தால் தள்ளினேன், சுழன்றது. கழற்றிப் பார்த்தால் ஆணிப் புரிகள் எல்லாம் எண்ணெய். அதைத் துடைக்காமலே பூட்டியிருந்தார்கள். வீட்டில் மதுசாரத்தால் துடைத்து, இறுக்கத்தை அளக்கும் முறுக்கியால் உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். மறுநாள் ஐந்து வெடியும் ஒரு போத்தல் மூடிக்குள் அடங்கின. ஆகவே ஸ்கோப்பை நீங்களே பூட்டுங்கள், அல்லது பக்கத்தில் நின்று பூட்டுவியுங்கள்.

இன்னொரு சோதனை. ஓர் இருபது டொலர் தாளைக் குழலுக்கும் முன்பிடிக்கும் இடையில் நுழைத்து, பிடியின் நுனியிலிருந்து தோட்டா அறை வரை இழுங்கள். தடையில்லாமல் போக வேண்டும். பிறகு முன்பிடியை மணல் மூட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி இழுங்கள். மலிவான பிளாஸ்டிக் பிடி சில வேளை வளைந்து குழலைத் தொடும், தாள் அந்த இடத்தில் நின்றுவிடும். குழலைத் தொடும் பிடி குறியை ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பக்கம் தள்ளும். உட்புறத்தை மண்தாளால் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும். கையில் அழுத்திப் பார்த்து விறைப்பானதைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் துவக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மானோ மரையோ அல்ல. என் மனைவி இரண்டு ஆண்டுகள் துவக்கு அலுமாரி இருந்த அறைக்குள் வரவில்லை. நான் செய்தது ஒன்றுதான். ஒருநாள் மேசையில் ஒரு துவாயை விரித்து, அவர் பார்க்கும்படி போல்ட்டைக் கழற்றி வெளியே எடுத்தேன். பின்பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். குழல் வழியாக யன்னலும் அதற்கு அப்பால் மேப்பிள் மரமும் தெரிந்தன. "இதுவா?" என்று கேட்டார். கையிலிருந்த போல்ட்டைக் காட்டி, இது இல்லாமல் அது வெறும் இரும்புக் குழாய் என்றேன். சட்டமும் அதை ஏற்றுக்கொள்கிறது: தோட்டா இல்லாமல், போல்ட்டைக் கழற்றி அல்லது விசைக்குப் பூட்டுப் போட்டு, தோட்டாவை வேறாகப் பூட்டி வைக்கலாம். நீங்கள் இரண்டையும் செய்யுங்கள். போல்ட்டை வேறிடத்தில் வையுங்கள்.

ஒட்டாவா_குகன்

அண்ணன் எழுதியதை ஏற்கிறேன். ஒரு கேள்வி மட்டும். பழைய லீ என்ஃபீல்ட் .303 ஒன்று என் அயலவரிடம் விலைக்கு இருக்கிறது. ஊரில் பொலிஸ்காரர் தோளில் பார்த்த அதே துவக்கு. நிலா அக்காவுக்கு அது சரிவருமா?

முறிகண்டி

தம்பி, அந்தத் துவக்கில் எனக்கு மரியாதை உண்டு. வடக்குப் பனியில் கனடிய றேஞ்சர்கள் (இராணுவத்தின் துணைப் படையினர்) 1947 இலிருந்து எழுபது ஆண்டுகள் அதைத்தான் வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக வந்த சி19 துவக்கு, ரமணன் சொன்ன அதே டிக்காவை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் .303 தோட்டா இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூட. தோட்டா வாங்கத் தயங்குபவர் பழகமாட்டார். அதோடு நிலா தங்கச்சிக்கு அது பாரம். உங்களுக்கு ஆசையென்றால், அறிந்த ஒருவரைக் கொண்டு தோட்டா அறையையும் குழலின் உட்புறத்தையும் வடிவாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிலா தங்கச்சி, ஒன்று எழுத மறந்துவிட்டேன். 100 யாரில் குறியைச் சரிசெய்த பிறகு மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டுகளை வாங்கி, முழந்தாளிட்டும் உட்கார்ந்தும் மரத்தில் சாய்ந்தும் சுடுங்கள். 50 யாரில் தொடங்குங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ, அதுதான் இந்த ஆண்டு உங்கள் எல்லை. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் விசையில் விரல் வைக்க வேண்டாம்.

நிலா_சட்பரி (ஒக்டோபர்)

எல்லோருக்கும் நன்றி. ருகர் அமெரிக்கனின் சிறிய பதிப்பை 6.5 கிரீட்மோரில் வாங்கினேன். ஜக்கெட்டும் செம்மஞ்சள் அங்கியும் போட்டுக்கொண்டு கடையில் ஐந்து துவக்குகளைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே வெயில், எனக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணைத் திறந்ததும் முழு வட்டமும் தெரிந்தது இது ஒன்றில்தான். ஸ்கோப்பை அண்ணன் சொன்னபடி நானே துடைத்துப் பூட்டினேன். இருபது டொலர் தாள் முதல் முறை தடையில்லாமல் போனது. மணல் மூட்டையில் அழுத்தியபோது இடப்பக்கம் நுனியில் நின்றது. ஒரு மாலை முழுவதும் மண்தாளால் தேய்த்தேன், இப்போது போகிறது.

மேசையில் வைத்து 100 யாரில் ஐந்து வெடி: ஒன்றேகால் அங்குலம். முழந்தாளிட்டு 50 யாரில் ஐந்தும் தட்டில். 80 யாரிலும் ஐந்து. 100 யாரில் மூன்றுதான் விழுந்தன, மறுநாளும் மூன்றுதான். ஆகவே இந்த ஆண்டு என் எல்லை 80 யார். கூட வருபவர்களிடம் அதைச் சொல்லிவிட்டேன். என்னை அடர்ந்த சீடர் மரங்கள் உள்ள ஓடைக்கரையில் இருத்துவதாகச் சொல்கிறார்கள்.

அம்மா குழல் வழியாகப் பார்க்க மறுத்துவிட்டார். ஆனால் போல்ட்டைக் கையில் வாங்கினார். நிறுத்துப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு பழைய காலுறைக்குள் போட்டுத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சுடுதளத்துக்குப் போகும் நாளில் அவரிடம் கேட்டு வாங்கிப் போகிறேன். திரும்பி வந்ததும் எண்ணெயைத் துடைத்துக் கொடுக்கிறேன். நேற்று அவரே கேட்டார், "எத்தனை விழுந்தது?" என்று.